ஹெரால்டு இன்ஜினில் எந்தப் பாகம் ஒரிஜினல்? ராக்கர் முதல் டேப்பட் வரை பார்க்கும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். டேப்பட் சத்தம் நிற்கவே இல்லை என்று அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஹெட்டை, அதாவது வால்வுகள் உட்காரும் இன்ஜினின் மேல்பகுதியை, இறக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு, "எதிலயும் டிரையம்ஃப்னு பேரே இல்ல சார், எல்லாமே லோக்கல், மொத்தமா மாத்திடலாம்" என்கிறார். புதுப்பேட்டையில் ஒருவர் இங்கிலாந்து ஒரிஜினல் செட் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். ராக்கர் ஷாஃப்ட், எட்டு ராக்கர், எட்டு வால்வு, புஷ் ராடு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பி, இவை ஒரிஜினலா, அந்த செட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பாகங்கள் வேலை செய்யும் வரிசை இதுதான்: கேம் சுழன்று டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், ஷாஃப்டின் மேல் ஆடும் ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும்.

முன்பணம் கொடுக்காதீர்கள். படங்களை வைத்துச் சொல்கிறேன், உங்கள் இன்ஜினில் பாதிக்கு மேல் ஆலையிலிருந்து வந்த பாகங்களாகவே தெரிகின்றன. ஒரு ராக்கர் நிச்சயம் மாற்றப்பட்டது. எக்ஸாஸ்ட் வால்வுகளில் இரண்டு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன், மற்றவற்றை நீங்களே எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடம் ஹெட் வேலை பார்த்தவன் நான். சீட் (வால்வுத் தலை உட்காரும் இடம்) வெட்டுவது, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) மாற்றுவது, ராக்கருக்கு புஷ் (ஷாஃப்ட் ஓடும் உள்வளையம்; புஷ் ராடு வேறு) அடிப்பது, இதுதான் என் பிழைப்பு. அதில் ஹெரால்டு நிறையவே வந்திருக்கிறது.

மெக்கானிக் சொன்ன காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டிரையம்ஃப் என்ற பெயர் இல்லை என்பதால் லோக்கல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் வண்டியே டிரையம்ஃப் இல்லை. இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் விற்ற ஹெரால்டு இங்கே ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கிய கம்பெனி. வண்டலூரில் இருந்தது ஆலை. வேன்கார்டு, டென், பென்னன்ட் எல்லாம் வந்தபின் 1961-ல் ஹெரால்டு வந்தது. முதலில் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து பாகங்கள் இறங்கின. அன்றைய அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வருடத்துக்கு வருடம் உள்ளூர்ப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. பிஸ்டன் செய்ய செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லிருந்தே இருந்தது. இன்ஜின் வால்வு செய்ய ரானே குழுமத்தின் ஆலை 1959-ல் இதே மெட்ராஸில் வந்துவிட்டது. ஆக 1967-ல் வண்டலூரிலிருந்து வெளியே வந்த ஒரு ஹெரால்டில் இந்தியாவில் செய்த வால்வோ ராக்கரோ இருந்தால், அதுதான் அந்த வண்டிக்கு ஒரிஜினல். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இங்கிலாந்து முத்திரை போட்டதை மாட்டினால், ஒரிஜினலை எடுத்துவிட்டு வெளிப் பாகத்தை மாட்டியதாகத்தான் அர்த்தம்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. உங்கள் இன்ஜின் 948 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 63 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 76. இந்தக் குடும்பம் 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசி இன்ஜினாகப் பிறந்தது. அதே 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை மட்டும் பெரிதாக்கி 948, அப்புறம் 1,147, அப்புறம் 1,296 என்று வளர்த்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு 1200 வந்ததே 1961-ல். 1967-ல் 1,296 சிசி வந்துவிட்டது. நம் ஊரில் மட்டும் ஹெரால்டு கடைசி வரை 948-லேயே ஓடியது, அதற்குப் பின் வந்த கேஸலும் அப்படித்தான். அதனால் இன்று வெளிநாட்டிலிருந்து வரும் ஹெரால்டு செட் பெரும்பாலும் 1,147-க்கோ 1,296-க்கோ செய்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சில பாகங்கள் பொருந்தவும் செய்யும். ஆனால் வால்வுத் தலை, டேப்பட், கேம் எல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறியவை. 1,296-ன் டேப்பட் விட்டமே பெரியது, உங்கள் பிளாக்கில் இறங்காது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது உண்மையிலேயே டிரையம்ஃப் ஒரிஜினலாகவே இருக்கலாம். உங்கள் இன்ஜினுக்கு அது ஒரிஜினல் இல்லை, அவ்வளவுதான்.

சரி, சோதனைக்கு வருவோம்.

பட்டறைக்கு இப்போதே போன் போட்டு, எதையும் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரில் ஒரு தடவை காட்டினால் போதும், அறுபது வருடச் சாட்சியம் அரை நிமிடத்தில் போய்விடும். லேசாக அடித்த எண், ஸ்பிரிங்கில் வைத்த பெயின்ட் பொட்டு, ராக்கர் மேல் இருந்த கறுப்புப் பூச்சு, எண்ணெய் காய்ந்து பிடித்த அந்தப் பழுப்பு நிறம், எல்லாமே போகும். ஒரு அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்து இரண்டு வரிசையாக எட்டு எட்டு ஓட்டை போடுங்கள். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி, வால்வை ஒரு வரிசையிலும் புஷ் ராடை இன்னொரு வரிசையிலும் குத்தி வையுங்கள். இந்த இன்ஜினில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், 2, 3, 6, 7 இன்லெட். எந்த வால்வு எந்த இடத்திலிருந்து வந்தது என்ற கணக்கு தவறிவிட்டால், நான் கீழே சொல்லும் சோதனைகளில் பாதி பயன்படாமல் போகும்.

கழுவத்தான் வேண்டும் என்றால் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவைத்தபின் எண் இருக்கக்கூடிய இடங்களில் வெள்ளை சாக்பீஸைத் தேய்த்து, மேலாக விரலால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கோயில் சுவரில் கல்வெட்டை மைப்படி எடுப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒன்றுமே இல்லை என்று தூக்கிப் போட இருந்த ஒரு ராக்கரில் இப்படித் தேய்த்து மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் படித்திருக்கிறேன். வெளிச்சத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எண்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வார்ப்பில் மேடாக எழுந்து நிற்கும் எண் வேறு, பாகத்தின் எண் வேறு. மேடாக இருப்பது அச்சின் எண். ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பாக எண்ணில் விற்றிருக்கலாம். அதனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பார்ட்ஸ் கேட்டலாகில் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இங்கிலாந்து வார்ப்புகளில் ஸ்டான்பார்ட் என்ற சொல்லைப் பார்க்கலாம். அது ஸ்டாண்டர்டு கம்பெனியின் பாகங்களுக்கான பெயர். அது இருந்தால் எங்கே செய்தது என்பது ஓரளவு தெரியும். ஆனால் உங்கள் இன்ஜினோடு பிறந்ததா, பத்து வருடம் கழித்து வேறொரு வண்டியிலிருந்து வந்ததா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

குத்தி அடித்த எண்ணாக இருந்தால் அதன் வயதைப் பாருங்கள். பழைய குத்தலின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள பரப்பிலும் ஒரே நிறம் இருக்கும், ஒரே கறை படிந்திருக்கும். புதிதாக அடித்ததில் எழுத்தின் ஓரம் சற்று எழும்பி நகத்தில் தட்டும், பள்ளம் பளபளக்கும். கிரைண்டிங் கோடுகள் எழுத்தின் மேல் ஓடுகின்றனவா, எழுத்து அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய மாடல்களுக்கு விலை ஏற ஏற முத்திரை அடிக்கும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது.

இனி ராக்கர். உங்கள் படத்தில் ஏழு ராக்கர்கள் ஒரே அடுப்பில் வெந்தவை. பக்கவாட்டில் ஓடும் கோடு ஏழிலும் அகலமாக, தேய்த்துச் சமன் செய்த பட்டையாக இருக்கிறது. அது ஃபோர்ஜிங்கின் அடையாளம். சூடான இரும்பை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கும்போது பிதுங்கும் உபரியை வெட்டியெடுத்த தழும்பு. ஆறாவது ராக்கரில் அந்தக் கோடு மெல்லிய இழையாக இருக்கிறது, தோலும் மணல் மணலாகத் தெரிகிறது. அது வார்ப்பு. அதன் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் நட்டும் மற்ற ஏழைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. இங்கே ஒரு சுலபமான சோதனை உண்டு. ஹெரால்டு அங்குல வண்டி. அதில் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரைதான் இருக்கும். 5/16 அங்குல நட்டுக்கு அரை அங்குல ஸ்பானர், அதாவது 12.7 மில்லிமீட்டர். உங்களிடம் இருக்கும் 13-ம் நம்பர் ஸ்பானரை வைத்தால் கொஞ்சம் ஆடும். ஆடாமல் கச்சிதமாகப் பிடித்தால் அது மெட்ரிக் நட்டு, பின்னாளில் யாரோ போட்டது. ராக்கர் ஷாஃப்டைத் தாங்கி நிற்கும் பெடஸ்டல்களின் நட்டுகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஸ்பானர் ஒன்றை வைத்தே எந்த மூலையில் யார் கை பட்டிருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம்.

ராக்கரின் மூக்கு, அதாவது வால்வு நுனியில் உட்காரும் வளைந்த பகுதி, மேலே மட்டும் கடினப்படுத்தியது. அது குழி விழுந்துவிட்டால் வெல்டிங் போட்டுத் திரும்பத் தேய்ப்பது நம் ஊரில் ரொம்ப நாளாக நடக்கும் வேலை. திறமையாகச் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் பக்கவாட்டில் நீலமும் வைக்கோல் நிறமுமாக வளையங்கள் விட்டுப்போகும், தேய்த்த முகத்தில் ஊசிமுனை அளவில் சிறு துளைகள் இருக்கும். உங்கள் மூன்றாவது ராக்கரின் படத்தில் எனக்கு லேசாக நீலம் தெரிகிறது. நேரில் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே இருந்தாலும் அது ஒரிஜினல் ராக்கர்தான், வைத்தியம் பார்த்த ஒரிஜினல்.

ஷாஃப்டில் தேய்மானம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். புஷ் ராடு ஒரு முனையை மேலே தள்ளுகிறது, வால்வு ஸ்பிரிங் இன்னொரு முனையை மேலே தள்ளுகிறது. நடுவில் ராக்கரைப் பிடித்து நிறுத்துவது ஷாஃப்ட். அதனால் தேய்மானம் ஷாஃப்டின் அடிப்பக்கத்தில் விழ வேண்டும். ஷாஃப்டைத் தடவிப் பாருங்கள். அடியில் எட்டு இடத்தில் படிக்கட்டு மாதிரி தட்டும், மேலே வழவழப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் தட்டினால் யாரோ ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அல்லது வேறு வண்டியில் ஓடிய ஷாஃப்ட் அது.

பின்பக்கப் பெடஸ்டலை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ராக்கருக்கு எண்ணெய் அதன் வழியாகத்தான் மேலே வருகிறது. அதில் ஒரு துளையும், ஷாஃப்டைத் திரும்பாமல் பிடிக்க ஒரு சிறிய ஸ்க்ரூவும் இருக்கும். மற்ற மூன்றில் அந்தத் துளை கிடையாது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு ஹெரால்டு வந்தது. வேறொரு பட்டறையில் ராக்கர் செட்டையே மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, டேப்பட் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கவரைத் திறந்தேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, ராக்கர் எல்லாம் மத்தியானச் சிமென்ட் தரை மாதிரி காய்ந்து கிடந்தது. பின்பக்கத்தில் துளையில்லாத பெடஸ்டலை மாட்டியிருந்தார்கள். துளையுள்ளது முன்னால் உட்கார்ந்திருந்தது. நான்கும் ஒரிஜினல் பாகங்கள், இடம் மட்டும் தப்பு. ஷாஃப்ட், எட்டு புஷ், எல்லாம் போச்சு. அந்த வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பெடஸ்டல் விஷயத்தை யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

பிளாக்கிலிருந்து ஹெட்டின் பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு குழாய் ஓடினால், அது ஆலையில் போட்டதில்லை. ராக்கருக்குக் கூடுதலாக எண்ணெய் வர வேண்டும் என்று பின்னாளில் சேர்ப்பது. உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

வால்வுக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் கலப்படம் நடக்கும், அதற்குக் காரணமும் உண்டு. 948-க்கு வால்வு கிடைக்காத காலத்தில் வேறொரு இன்ஜினின் வால்வை வாங்கி, தலையை லேத்தில் குறைத்து, தண்டின் நுனியை வெட்டி, கைடைத் துளைத்துப் பெரிதாக்கி மாட்டிவிடுவார்கள். வண்டி ஓடியாக வேண்டுமே. அந்தக் கைத்திறனை நான் குறை சொல்லமாட்டேன், நானும் செய்திருக்கிறேன். எது எது அப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதுதான் இப்போது வேலை.

நுனியைப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்த வால்வின் நுனி கடினப்படுத்திக் கிரைண்ட் செய்தது, முகம் ஒரே சீராக மங்கலாக மின்னும். லேத்தில் வெட்டியதில் நடுப்புள்ளியிலிருந்து வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும், பழைய கிராமபோன் தட்டு மாதிரி. சந்தேகமான வால்வின் நுனி ஓரத்தில் ஒரு சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கடினப்படுத்தியதில் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். வெட்டியதில் பிடித்துக்கொள்ளும். உங்கள் 4, 5 எக்ஸாஸ்ட் வால்வுகளின் படத்தில் வட்டக் கோடுகள் தெரிகின்றன. நுனியிலிருந்து, ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து நிறுத்தும் லாக் உட்காரும் பள்ளம் வரையுள்ள தூரமும் மற்ற இரண்டு எக்ஸாஸ்டைவிடக் குறைவாக இருக்கிறது. என் சந்தேகம் அங்கேதான்.

தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. ஹெரால்டின் கைடு 5/16 அங்குலம், அதில் ஓடும் தண்டு 7.9 மில்லிமீட்டர் சுற்றில் இருக்கும். 8 மில்லிமீட்டர் கைடுக்குச் செய்த வால்வு அதைவிட நூலிழை தடிமன். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தில்தான் அங்குல வால்வும் மெட்ரிக் வால்வும் பிரிகின்றன. தேயாத இடத்தில், அதாவது கைடுக்கு வெளியே நிற்கும் பகுதியில் அளக்க வேண்டும். ஓடித் தேய்ந்த இடத்தில் அளந்தால் எல்லா வால்வும் ஒல்லிதான்.

காந்தச் சோதனை பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நல்ல சோதனை, ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். இன்லெட் வால்வு பொதுவாகக் குரோமியம், சிலிக்கான் கலந்த எஃகு. காந்தம் ஒட்டும். எக்ஸாஸ்ட் வால்வில் வெப்பம் தாங்க நிக்கல், மாங்கனீசு கூடுதலாகச் சேர்த்த ஆஸ்டெனிடிக் எஃகைப் பயன்படுத்துவார்கள். அதில் காந்தம் ஒட்டாது. பின்னாளைய வால்வுகளில் தலைக்கு ஒரு எஃகு, தண்டுக்கு ஒரு எஃகு என்று உராய்வு வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள், அதில் தண்டில் காந்தம் பிடித்துத் தலையில் விட்டுவிடும். அதனால் காந்தத்தை வைத்து ஒரிஜினல், டூப்ளிகேட் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. நான்கு எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டில் ஒட்டி இரண்டில் ஒட்டவில்லை என்றால் இரண்டு தடவையாக வந்தவை அவை. 4, 5-ஐ 1, 8-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனையை இப்போது சொல்கிறேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது, அதனால் உங்களுக்கு இனி ஹெட்டை ஏற்றும்போதுதான் வாய்ப்பு. எட்டு வால்வுக்கும் ராக்கர் மூக்குக்கும் வால்வு நுனிக்கும் நடுவிலான இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ராக்கரிலும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ லாக் நட்டுக்கு மேல் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒரே ஆலை, ஒரே செட், ஒரே வயது என்றால் எட்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசை மாதிரி. ஒன்று மட்டும் உயர்ந்தோ அமுங்கியோ நின்றால் அந்த வரிசையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. வால்வு நுனியை வெட்டியிருந்தால் வால்வின் மேல்முனை தாழ்ந்துவிடும், அந்த இடைவெளியை அடைக்க ஸ்க்ரூவைக் கீழே இறக்கியிருப்பார்கள், மேலே மரை குறைவாகத் தெரியும். சீட்டை அதிகம் வெட்டியிருந்தால் வால்வு உள்ளே போய் நுனி மேலே ஏறும், ஸ்க்ரூவும் மேலே ஏறியிருக்கும். எட்டுமே சேர்ந்து தாழ்ந்திருந்தால் கேமைத் திரும்பக் கிரைண்ட் செய்திருக்கலாம். கேமின் அடிவட்டம் குறைந்த அளவுக்கு டேப்பட்டும் புஷ் ராடும் கீழே இறங்கிவிடும், அதைச் சரிக்கட்ட எட்டு ஸ்க்ரூவையும் இறக்க வேண்டிவரும். ஒரு அங்குல ஸ்க்ரூ இவ்வளவு கதை சொல்லும்.

அதோடு வால்வு நுனியில் ராக்கர் மூக்கு தேய்த்த தடத்தையும் பாருங்கள். நடுவிலோ நடுவை ஒட்டியோ ஒரு பட்டையாக இருந்தால் ராக்கரும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. ஓரத்தில் விழுந்திருந்தால் இரண்டில் ஒன்று அன்னியம். உங்கள் ஆறாவது வால்வின் நுனியில் தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது படத்திலேயே தெரிகிறது. வால்வு நல்ல வால்வு. மேலே உட்கார்ந்த வார்ப்பு ராக்கர்தான் அதைச் சாய்த்துத் தேய்த்திருக்கிறது. உங்களுக்குக் கேட்ட டேப்பட் சத்தத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புஷ் ராடில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள், வளைந்தது தட்டித் தட்டி ஓடும். எட்டையும் நிறுத்தி வைத்து மேலே ஸ்கேலைப் படுக்கவையுங்கள், உயரம் மாறினால் கலப்படம். ஸ்பிரிங்கும் அப்படியே. வரிசையாக நிறுத்தி உயரம் பாருங்கள், கம்பியின் கனமும் சுற்றின் எண்ணிக்கையும் எட்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை ஒரிஜினல் என்று சேர்த்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறுபது வருடம் அமுங்கிய ஸ்பிரிங் சோர்ந்துதான் இருக்கும், தாராளமாகப் புதிது போடுங்கள்.

டேப்பட்டை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஹெட் இறங்கிவிட்டதால் புஷ் ராடு ஓடும் துளை வழியாகவே அவற்றை மேலே எடுத்துவிடலாம். எடுத்தால் எண் போட்டு வையுங்கள். டேப்பட் ஓடும்போது மெல்லச் சுழலும், அதனால் அடிப்பக்கத்தில் வட்டமான தடம் இருந்தால் ஆரோக்கியம். குறுக்கே ஒரு கோடு மட்டும் இருந்தால் அது சுழலாமல் நின்றுவிட்டது, அதற்கு நேர் கீழே கேமும் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு டேப்பட்டும் தன் கேமோடு பழகித் தேய்ந்தது. மூன்றாவதை ஏழில் போட்டால் இரண்டும் கெடும். பழைய கேமில் வேறு இன்ஜினில் ஓடிய டேப்பட்டைப் போடுவது அதைவிட மோசம். தடம் நன்றாக இருந்தால் எண்ணெய் தடவி இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள். இந்த இன்ஜினில் கை படாத பாகம் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் டேப்பட்டாகத்தான் இருக்கும்.

சீட்டில் வளையம் பதித்திருக்கிறது என்று மெக்கானிக் குறையாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலையில் வந்தபோது சீட் ஹெட்டின் இரும்பிலேயே நேரடியாக வெட்டியதுதான். அன்றைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய திரையாகப் படிந்து காப்பாற்றியது. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் நின்றது. அதற்குப் பின் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து உள்ளே போகும் தொல்லை கூடியது. கடின இரும்பு வளையம் பதிப்பது அதற்கான சரியான மருந்து. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார். விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் செட்டுக்கு என் யோசனை. ஏழு ராக்கரையும் வைத்துக்கொள்ளுங்கள், புஷ் மட்டும் மாற்றி ஷாஃப்டைப் புதிதாகப் போடுங்கள். ஆறாவதற்கு ஒரே ஒரு பழைய ஃபோர்ஜிங் ராக்கர் தேடினால் போதும். புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் போகும்போது உங்கள் நல்ல ராக்கர் ஒன்றையும் வெர்னியரையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் கேட்காமல் ராக்கரை மேஜையில் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும்ணே, 948-க்கு" என்று சொல்லுங்கள். பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். அங்கே கிடைக்காவிட்டால் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் உறுப்பினர்களில் ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். உடைத்த இன்ஜின் ஒன்றாவது யாராவது ஒருவர் வீட்டு ஷெட்டில் கிடக்கும்.

4, 5 எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் அரத்தில் மாட்டிக்கொண்டால், நான்கு எக்ஸாஸ்டையும் சேர்த்தே புதிதாக, நல்ல ஆஸ்டெனிடிக் எஃகில் போட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் ஒரிஜினல் மோகம் வேண்டாம் என்பது என் கருத்து. தலை கழன்று விழுந்தால் பிஸ்டனையும் ஹெட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கழற்றிய 1, 8 ஒரிஜினல் வால்வுகளைத் தூக்கிப் போடாமல், கிரீஸ் தடவி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, எந்தத் தேதியில் எந்த இடத்திலிருந்து கழற்றியது என்று சீட்டு எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். நாளைக்கு இந்த வண்டியை வாங்குபவருக்கு அந்தப் பொட்டலம் ஆர்சி புத்தகத்துக்கு அடுத்தபடி முக்கியம்.

ஏற்றும்போது இடைவெளி பத்து தௌ, அதாவது 0.010 அங்குலம், இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் அதேதான், இன்ஜின் ஆறியிருக்கும்போது. எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு போதும்: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை, இப்படி இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். வைத்து முடித்ததும் அந்த எட்டு ஸ்க்ரூவையும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வரிசை எப்படி நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.